சதை எடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செக்கானூரணிப் பக்கத்தில் கபடி ஆடும் சிறுவன் ஒருவனுக்கு முழங்காலுக்கு மேல் வீக்கம். விளையாட்டில் பட்ட அடி என்று வீட்டார் எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். படுத்த பிறகும் இரவெல்லாம் வலித்திருக்கிறது. எக்ஸ்ரே படத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். தொடையெலும்பின் கீழ்முனை அரித்து, அதன் மேலுறை முக்கோணமாகத் தூக்கி நின்றது. வீக்கத்துக்குள் சூரியக் கதிர்போல எலும்புக் கீற்றுகள். ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். அரிய நோய்தான், ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு, அதுவும் முழங்காலை ஒட்டியே அதிகம் வருகிறது.

அதன்பின் நடந்ததுதான் என்னை எழுத வைக்கிறது. தனியார் மருத்துவமனை ஒன்றில் புற்றுதானா என்று பரிசோதிக்க, அவசர அவசரமாகக் குறுக்கே கீறிக் கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துவிட்டார்கள். கத்தி போன வழியில் புற்றணுக்கள் சிந்தியிருக்கும் என்பதால், பின்னர் கட்டியோடு அந்த வழியையும் சேர்த்தே அகற்ற வேண்டும். நெடுக்காகக் கீறினால் அது எளிது. குறுக்காகக் கீறினால் நல்ல சதையும் கூடவே போகும், சிலருக்குக் காலே போகும். தொடை முழுவதற்கும் எம்.ஆர்.ஐ., நெஞ்சுக்கு சி.டி. எடுத்துப் பார்த்து, இறுதி அறுவையைச் செய்யப்போகும் மருத்துவரே சதை எடுக்கும் இடத்தையும் முடிவு செய்ய வேண்டும்.

சதைப் பரிசோதனை முடிவு தாமதமானால் பெற்றோர் பதறுகிறார்கள். எடுத்த சதையோடு வரும் கெட்டியான எலும்பை அமிலத்தில் ஊறவைத்து இளக்கிய பிறகே மெல்லிதாகச் சீவ முடியும்; அந்தக் காத்திருப்பு தவிர்க்க முடியாதது.

சிகிச்சையில் முதலில் கீமோ என்னும் புற்றணுக்களைக் கொல்லும் மருந்து, பிறகு அறுவை, மறுபடியும் கீமோ. தொடக்கத்திலேயே வலி தணிந்துவிட்டால் குணமாகிவிட்டது என்று ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. 1970-களுக்கு முன், காலை எடுத்த பிறகும் ஐந்தில் நான்கு பேர் நோய் நுரையீரலுக்குப் பரவி இறந்தார்கள். இப்போது பரவும் முன் வருகிறவர்களில் பத்துக்கு ஆறேழு பேர் பிழைப்பது கீமோவால்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் இடமுண்டு.

படத்தில் இந்தக் குறிகள் தெரிந்தால், கத்தி வைக்காமல் எலும்புப் புற்று அறுவை செய்யும் மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் சுகாதாரத் துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். முழங்கால் வலி என்று வரும் மாணவரிடம் இரவிலும் வலிக்கிறதா என்று கேட்கும்படி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே நுட்புநர்,
திருமங்கலம்.