பள்ளித் தோட்டத்துக்கு ஆமை வாங்குமுன்: பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளின் மேலாளர் வாரியத்தினருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

மூலிகைப் பாத்தியும் மீன்தொட்டியும் வைத்தாயிற்று, அடுத்து ஒரு நில ஆமை வாங்கிவிடலாம் என்று யோசிக்கும் பள்ளிகளுக்காக இதை எழுதுகிறோம். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது பழமொழி. உண்மையில் உருப்படாமல் போவது பெரும்பாலும் ஆமைதான். அவசரத்தில் தவறான இனத்தை வாங்கி, அதைவிட அவசரமாக ஒரு வேலியைப் போடுவதே காரணம். ஆகவே முதலில் கொட்டடியைக் கட்டுங்கள். ஆமை பிறகு வரட்டும்.

இனத்தைத் தீர்மானிக்க வேண்டியது பினாங்கின் மழை. கடைகளில் அதிகம் கண்ணில் படும் உள்ளங்கை அளவுக் குட்டி சுல்காட்டா. மணல் நிறம், அமைதியான முகம், பார்த்தால் வாங்கத்தான் தோன்றும். அது சஹாராவுக்குத் தெற்கே உள்ள சஹேல் வறள்நிலத்து ஆமை. வளர்ந்த ஆண் 45 கிலோவைத் தாண்டும், சில 90 கிலோவையும் தொடும். வெயிலுக்கும் குளிருக்கும் தப்ப மண்ணைக் குடைந்து நீண்ட வளை தோண்டுவது அதன் இயல்பு. பள்ளிச் சுவரின் அடியிலும் அதையே செய்யும். நம் ஊரில் அந்த வளையில் தண்ணீர் நிற்கும். ஈரத்திலேயே கிடக்கும் சுல்காட்டாவுக்குச் சளியும் நுரையீரல் நோயும் வரும், அடி ஓடு அழுகும்.

நட்சத்திர ஆமையைத் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பார்த்த ஞாபகத்தில் சிலர் விரும்பிக் கேட்பார்கள். அதுவும் வறண்ட புதர்க்காட்டு உயிர்தான். அதோடு, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு 2019இல் ஏற்றப்பட்டுவிட்டது. பினாங்கில் மலிவாகக் கிடைக்கும் நட்சத்திர ஆமை பெட்டியில் கடத்தி வரப்பட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பள்ளிக்கு அது வேண்டவே வேண்டாம். நம் காட்டு ஆமைகளான ஆசியப் பெருநில ஆமையும் நீண்ட ஓட்டு ஆமையும் அழிவின் விளிம்பில் இருக்கின்றன. யாராவது காட்டோரத்தில் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தால், வாங்கி வைக்காமல் வனவிலங்குத் துறையான பெர்ஹிலிதானுக்குத் தெரிவியுங்கள். கடையில் கிடைக்கும், கன்னத்தில் சிவப்புக் கோடு உள்ள பச்சைக் குட்டியோ நீரில் வாழும் ஆமை. நிலத்தில் வளர்க்கும் பேச்சுக்கே அது பொருந்தாது.

எங்கள் பரிந்துரை செங்கால் ஆமை. கடைக்காரர்கள் 'ரெட் ஃபூட்' என்பார்கள். தென் அமெரிக்காவின் ஈரமான காட்டோரங்களிலும் புல்வெளிகளிலும் வாழ்வது, 30 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும். பினாங்கின் புழுக்கம் அதற்குச் சொந்த ஊர்க் காற்று மாதிரி. 50 ஆண்டு வாழக்கூடியது. முதலாம் ஆண்டுப் பிள்ளை பேரன் எடுத்த பிறகும் அது தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருக்கலாம். அதனால்தான் 'இந்த ஆண்டுத் திட்டம்' என்று ஆமை வாங்காதீர்கள் என்கிறோம்.

பணம் கட்டுமுன் இனத்தின் அறிவியல் பெயரைச் சொல்லி (செங்கால் ஆமைக்குக் கெலோனொயிடிஸ் கார்பொனேரியஸ்) பெர்ஹிலிதான் மாநில அலுவலகத்தில் எழுத்துவழி கேளுங்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய 2008ஆம் ஆண்டின் 686ஆம் சட்டமும் வனவிலங்குப் பாதுகாப்பு பற்றிய 2010ஆம் ஆண்டின் 716ஆம் சட்டமும் 'தெரியாமல் வாங்கிவிட்டோம்' என்ற பதிலை ஏற்காது. ரசீதில் அறிவியல் பெயர் இருக்க வேண்டும், இறக்குமதி அனுமதியின் நகலும் வேண்டும். "பேப்பர் அடுத்த வாரம் தருகிறேன்" என்றால் ஆமையையும் அடுத்த வாரமே வாங்கிக்கொள்ளுங்கள். உரிமம் தேவைப்பட்டால் யார் பெயரில் எடுப்பது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், தலைமையாசிரியர் மாற்றலாகிப் போவார்.

இனிக் கொட்டடி. ஓர் ஆமைக்கு 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் வைத்துக்கொள்ளுங்கள். கம்பிவலை வேலி கூடாது. மறுபக்கம் தெரிந்தால் ஆமை அதை வழி என்றே நினைத்து நாள் முழுக்க முட்டும், மூக்கு புண்ணாகும். சிமெண்டுக் கல் சுவரைத் தரைக்கு மேல் 50 சென்டிமீட்டரும் மண்ணுக்குள் 25 சென்டிமீட்டரும் எழுப்புங்கள். தப்பிக்கும் இடம் மூலைதான். இரண்டு சுவரிலும் காலை ஊன்றிச் செங்கால் ஆமை ஏறிவிடும். நான்கு மூலையிலும் உட்பக்கம் நீட்டியபடி ஒரு பலகையை வையுங்கள். தரை மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவாக லொங்காங் (வடிகால்) பக்கம் இறங்கட்டும், ஆனால் தண்ணீர் வெளியேறும் துளையில் கம்பி அடைப்பு இருக்க வேண்டும். தாழ்வான இடத்தில் உள்ள பள்ளிகள் 2017 நவம்பர் வெள்ளத்தை நினைத்துப் பார்த்து இடம் தேர்வு செய்வது நல்லது. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. அதனால்தான், புண்ணியம் என்று நினைத்துக் கோயில் குளத்தில் விட்டாலும் அது மூழ்கிச் சாகும்.

பாதி இடத்தில் காலை வெயில் விழ வேண்டும், பாதியில் அடர்ந்த நிழல். வெயில் இருந்தால்தான் ஓட்டுக்குக் கால்சியம் சேரும். நிழல் இல்லாவிட்டால் நண்பகலில் ஒரு மணி நேரமே உயிரைப் பறித்துவிடும். இரவுக்கு ஒரு மரப்பெட்டி வீடு, கல்லின் மேல் 15 சென்டிமீட்டர் உயர்த்தி, ஏறிச் செல்லச் சொரசொரப்பான சாய்தளத்துடன். மாலையில் உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டுங்கள். தெருநாய், எலி, உடும்பு, மலையோரம் என்றால் குரங்கு. மனிதர்களும்தான்.

நம் தோட்டங்களில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பூசைக்காக அரளி வைக்காத தமிழ்ப்பள்ளி குறைவு. செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டும் இதயத்தை நிறுத்தும் விஷம், உதிர்ந்த பூவும் ஆபத்து. எருக்கு, நந்தியாவட்டை, உண்ணிச்செடி, அழகுக்கு வைக்கும் சேம்பு வகைகள் எதுவும் சுவருக்குள்ளும் வேண்டாம், சுவரின் மேல் கவிழவும் வேண்டாம். அந்த இடத்தில் செம்பருத்தி நடுங்கள். இலையும் தின்னும், பூவையும் விடாது. முருங்கை, மல்பெரி, அருகம்புல் நல்லது. இவற்றோடு வாரத்தில் இரண்டு நாள் பப்பாளி அல்லது கொய்யா, பத்து நாளைக்கு ஒருமுறை வேகவைத்த முட்டையில் சிறு துண்டு. கங்கோங் கீரை எப்போதாவது போதும். கடித்துக்கொள்ள ஒரு கணவாய் ஓடு எப்போதும் கிடக்கட்டும். சிற்றுண்டிச்சாலையில் மிஞ்சிய சோறும் ரொட்டியும் மட்டும் கூடாது.

வாங்கும்போது 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த குட்டி வேண்டாம், காகமும் கட்டெறும்பும் விடாது. 12 முதல் 15 சென்டிமீட்டர் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கையில் எடுத்தால் அளவைவிடக் கனமாகத் தெரிய வேண்டும், காலிப் பெட்டி போல இருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது. கண் திறந்து தெளிவாக இருக்க வேண்டும். மூக்கில் நீர்க்குமிழி இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிவிடுங்கள். இந்த அளவு ஆமையின் ஓடு விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கூம்பு போல உயர்ந்திருந்தால் குட்டிப் பருவத்தில் வறட்சியில் வளர்ந்தது என்று பொருள். நோய் இல்லை, ஆனால் கடையின் கவனிப்பு எப்படி என்று அது காட்டிவிடும். புரட்டி அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள், நாற்றமும் வெள்ளைத் திட்டும் இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. கடைசியாகத் தரையில் விடுங்கள். வயிறு தரையில் தேயாமல் நான்கு காலிலும் நிமிர்ந்து நடக்க வேண்டும், கொடுத்த இலையைத் தின்ன வேண்டும். ஒன்றே போதும், ஆமைக்குத் தனிமை வருத்தம் இல்லை. இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கவிழ்த்துப் போடும்.

தண்ணீருக்குப் பூந்தொட்டியின் அடித்தட்டு பொருத்தம். ஆழம் தாடையைத் தாண்டக் கூடாது. தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். ஆமை அதிலேயே கழியும் என்பது ஒரு காரணம், ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் பொரித்துப் பறந்துவிடும் என்பது இன்னொன்று. ஆமைத் தட்டில் புழு கண்டுபிடிக்கப்பட்டு சுகாதாரத் துறையிடம் அபராதம் கட்டும் பள்ளி என்ற பெயர் எதற்கு? புகையடிக்கும் நாளில் ஆமையையும் தட்டையும் பூட்டிய அறைக்குள் கொண்டுபோய்விடுங்கள். திரும்ப விடுமுன் புல்லின் மேல் தண்ணீர் அடியுங்கள்.

பிள்ளைகள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நலமாகத் தெரியும் ஆமையின் கழிவிலும் வயிற்றுப்போக்கைத் தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். இதனால்தான் அமெரிக்கா 1975இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடுத்தது: சிறு பிள்ளைகள் அவற்றை வாயில் வைத்துவிடுகிறார்கள். ஆமைத் தட்டைச் சிற்றுண்டிச்சாலைத் தொட்டியில் கழுவ விடாதீர்கள். சுதந்திர தினத்துக்கு ஓட்டில் கொடி வரைவதும் வேண்டாம், ஓடு உணர்ச்சியுள்ள எலும்பு.

பள்ளி விடுமுறைக்கு யார் வருவார் என்பதை வாங்குவதற்கு முந்தைய கூட்டத்திலேயே பெயரோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டு பேர், இரண்டு சாவி. அந்த இரண்டு பெயரும் கிடைக்காவிட்டால் கொட்டடியில் கீரை போடலாம், சுவர் வீணாகாது.

இப்படிக்கு,
பினாங்கில் நில ஆமை வளர்க்கும் சிலர்