கம்பி நன்றாகத்தான் இருக்கிறது, ஃபோம்தான் வழுக்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரியவர்கள் விழுந்துவிடக் கூடாதே என்று பாத்ரூமிலும் வாசல்படியிலும் கைப்பிடிக் கம்பி போடுகிறோம். பைப் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அது பாட்டுக்கு உழைக்கும். மேலே இருக்கிற கருப்பு ஃபோம்தான் சில வருஷத்தில் பளபளவென்று வழுக்க ஆரம்பிக்கிறது. ஃபோம் மட்டும் கொடுங்கள் என்று வேலூரில் கடை கடையாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், "முழு செட்டாத்தான் சார் வரும்" என்கிறார்கள். நல்ல பைப்பைக் கழற்றி எறிய வேண்டுமாம், இது என்ன நியாயம்?

சரி, இருக்கிறதை என்ன செய்யலாம்? வழுக்கலுக்குத் தேய்மானம் மட்டும் காரணமில்லை. கை வியர்வை, தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய், சோப்புப் பிசுக்கு, போதாததற்கு நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு, எல்லாம் சேர்ந்து அப்பிக்கொள்கிறது. பாத்திரம் கழுவும் லிக்விடை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, நன்றாக அலசி, முழுக்கக் காயவிட்டாலே ஓரளவு பிடிமானம் திரும்பிவிடும். பவுடர் போடாதீர்கள் (என் மாமியார் கேட்கவே மாட்டார்), போட்டால் இன்னும் வழுக்கும். மண்ணெண்ணெய், தின்னர் பக்கமே போக வேண்டாம், ஃபோம் ஊறிக் கெட்டுவிடும்.

அப்படியும் வழுக்கினால் டென்னிஸ் மட்டைக்கோ சைக்கிள் ஹேண்டில்பாருக்கோ சுற்றுகிற கிரிப் டேப் போதும், விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும். துணி டேப் வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நிற்கிற கம்பி என்றால் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல் ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி இழுத்துச் சுற்ற வேண்டும், அப்போதுதான் கை கீழே சறுக்கும்போது டேப் விளிம்பு பிய்ந்து வராது. இப்படிக் கம்பி முழுக்க ஒரு தடவை சுற்றினால் போதும், அதன் மேல் இன்னொரு தடவை வேண்டாம். மத்திய அரசின் அணுகல் வழிகாட்டுதல்கள் கைப்பிடிக்கு 38 முதல் 45 மில்லிமீட்டர் விட்டம் என்கின்றன. ஃபோமும் டேப்புமாக அதைத் தாண்டிப் பருத்துவிட்டால் மெலிந்த விரல்கள் அதைச் சுற்றி மூடாது.

இதைவிட ஆபத்து, ஃபோம் பைப்பின் மேல் சுழல்வது. காய்ந்த கையால் இறுக்கிப் பிடித்துத் திருகிப் பாருங்கள். சுழன்றாலோ, தொட்டால் பிசுபிசுவென்று உதிர்ந்தாலோ கழுவியும் பயனில்லை, டேப் சுற்றியும் பயனில்லை, வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான். புதுக் குழாய் ஃபோம் கிடைத்தால் கம்பியின் ஒரு முனையைக் கழற்றி, உள்ளே சர்ஜிக்கல் ஸ்பிரிட் தடவித் தள்ளினால் ஏறிவிடும், ஸ்பிரிட் ஆவியானதும் இறுகிக்கொள்ளும். பக்கத்தில் நெருப்பு மட்டும் கூடாது. கழற்றினது கழற்றினோம், சுவரில் ஸ்க்ரூ ஆடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அந்தக் குழாய் ஃபோமைத்தான் எங்கள் கடைக்காரர்கள் தனியாக விற்க வேண்டும் என்கிறேன். பைப் அளவு சொன்னால் அடிக்கணக்கில் வெட்டிக் கொடுக்கட்டும், வாங்க நாங்கள் தயார்.

ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.