ஸ்பதைனா நிலையத்தில் பெட்டி தூக்கி வந்த அம்மாவுக்கு நன்றி

டொராண்டோவில் எனக்கு முதல் நாள். விமான நிலையத்தில் 900ஆம் எண் பஸ் பிடித்து, கிப்ளிங்கில் சப்வே மாறி, ஸ்பதைனாவில் இறங்கி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றபோது, முக்காடு போட்ட ஒரு வயதான அம்மா தானாகவே வந்து என் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு 510 டிராம் வரைக்கும் கூடவே நடந்தார். பிரெஸ்டோ என்ற பயண அட்டையில் ஒரு முறை காசு போனால் 2 மணி நேரம் பஸ், டிராம் மாறலாம், மறுபடி காசு பிடிக்காது என்று பொறுமையாகச் சொன்னார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே மாதிரி தடுமாறியது, ஆனால் எல்லாம் புரிந்தது.

டிராமுக்குள் நாலைந்து மொழி கேட்டது. டண்டாஸ் தெரு நிறுத்தம் வந்ததும் தெருப் பெயர்ப்பலகையே சீன எழுத்திலும் இருந்தது. அப்போதுதான் பயம் விட்டது. பெயர்கூடக் கேட்கவில்லை அம்மா, ரொம்ப நன்றி. நீங்கள் கையில் வைத்த ஆரஞ்சுதான் அன்றைக்கு இரவுச் சாப்பாடு.