கடைத் தளத்தை வீட்டுக் கணினியில் இறக்குவது

அன்புள்ள குமரா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்.

பாப்பாவின் புடவைக் கடைத் தளத்தை வீட்டுக் கணினியில் நகலெடுத்துத் திருத்துவது சரியான முடிவு. கோப்புகளை இறக்கியும் திறக்கவில்லை என்றாயே, அந்தத் தளம் ஓடுவது வேர்ட்பிரஸ் என்னும் தளம் கட்டும் மென்பொருளில், அதில் கோப்பு பாதிதான். பதிவு, விலை, அமைப்பு எல்லாம் டேட்டாபேஸ் என்னும் தகவல் கிடங்கில் இருக்கின்றன.

கோப்புகளை ஃபைல்ஜில்லாவில் (கோப்பு இறக்கும் மென்பொருள்) ஒவ்வொன்றாக இழுக்காதே. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள், நடுவில் ஒன்றிரண்டு விட்டுப்போகும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்திலேயே ஜிப் செய்து ஒரே கோப்பாக இறக்கு. புள்ளியில் தொடங்கும் எச்டிஆக்சஸ் (.htaccess) கோப்பு மறைந்திருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி முதலில் மாற்றிக்கொள். அது இல்லாவிட்டால் முகப்பு மட்டும் திறக்கும், உள்பக்கமெல்லாம் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்று வரும்.

டேட்டாபேஸை பிஎச்பிமைஅட்மினில் (டேட்டாபேஸைக் கையாளும் பக்கம்) எக்ஸ்போர்ட் செய்து, எக்ஸாம்ப்பில் (XAMPP, வீட்டுக் கணினியையே சர்வராக்கும் மென்பொருள்) காலி டேட்டாபேஸ் ஒன்று உருவாக்கி ஏற்று. பெரிய கோப்பு பிரவுசர் வழியாக ஏறாது. கமாண்ட் பிராம்ப்டில் ஏற்று. பவர்ஷெல் வேண்டாம், அதில் கோப்பை உள்ளே தள்ளும் '<' குறி வேலை செய்யாது. எழுத்துக் குறிமுறை யுடிஎஃப்8எம்பி4 (utf8mb4) என்று கட்டளையிலேயே சொல்லிவிடு. சொல்லாமல் ஏற்றி, தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் விசித்திரக் குறிகளாகத் தெரிந்தால் மீட்கலாம். வெறும் கேள்விக்குறிகளாகிவிட்டால் எழுத்தே போய்விட்டது, மறுபடி ஏற்றத்தான் வேண்டும். பிறகு டபிள்யூபி-கான்ஃபிக் (wp-config.php) என்னும் அமைப்புக் கோப்பில் டேட்டாபேஸ் பெயர், பயனர் ரூட், காலி கடவுச்சொல் என்று மாற்று.

இனிதான் கவனம் வேண்டும். தளத்தின் முகவரி டேட்டாபேஸுக்குள்ளேயே இருப்பதால், உள்ளூர் நகலைத் திறந்தால் அது நேரடித் தளத்துக்கே தாவிவிடும். முகவரிப் பட்டையைப் பார்க்காமல் திருத்தினால் கடையையே திருத்திக்கொண்டிருப்பாய்! முகவரியை மாற்றத்தான் வேண்டும், ஆனால் நோட்பேடில் 'தேடி மாற்று' போடாதே. விட்ஜெட் (பக்கத்தின் சின்னப் பெட்டிகள்), தீம் (தளத்தின் தோற்றம்) அமைப்புகளை வேர்ட்பிரஸ் நீளத்தோடு சேர்த்து எழுதி வைக்கிறது. பழைய முகவரி 19 எழுத்து என்றால் பக்கத்தில் 19 என்று இருக்கும். நீ 22 எழுத்து முகவரியைத் திணித்தாலும் எண் 19 ஆகவே நிற்கும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி அந்த அமைப்பு முழுவதையும் படிக்காமல் விட்டுவிடும். பதிவுகள் ஒழுங்காகத் தெரிவதால் இந்தச் சேதம் உடனே கண்ணில் படாது. வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ (WP-CLI) கருவியின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். முதலில் டிரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டு எத்தனை இடம் மாறுகிறது என்று பார். எலிமென்டார் போன்ற பேஜ் பில்டர் (பக்கம் வடிவமைக்கும் கருவி) இருந்தால், முகவரியின் சாய்கோட்டுக்கு முன் பின்சாய்கோடு வைத்த வடிவத்தையும் (\/) தனியாக மாற்று, இல்லையென்றால் படங்கள் நேரடித் தளத்திலிருந்தே வரும்.

நகலை முதல்முறை திறக்கும் முன்பே பிளகின் (கூடுதல் வசதிச் செயலிகள்) ஃபோல்டருக்குள் போய், மின்னஞ்சல் அனுப்புவது, கேஷ் (பக்கங்களைச் சேமித்து வைப்பது), பேமென்ட் கேட்வே (பணம் வாங்குவது) மூன்றின் ஃபோல்டர் பெயர்களையும் மாற்றி வை. டேட்டாபேஸில் இருப்பது நிஜ வாடிக்கையாளர்களின் முகவரி. உன் சோதனை ஆர்டர் யாருக்கோ உண்மையான மெயிலாகப் போய்விடக்கூடாது.

திருத்தி முடித்ததும் தீம் ஃபோல்டரை மட்டும் மேலே ஏற்று. டேட்டாபேஸை ஏற்றினால் இடையில் வந்த ஆர்டர்களெல்லாம் அழிந்துபோகும். மெனு, விட்ஜெட் மாற்றங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, நேரடித் தளத்தில் கையாலேயே செய்.

ஏற்றும்போது பிழைச் செய்தி வந்தால் அப்படியே எழுதி அனுப்பு. 'அன்னோன் கொலேஷன்' (தெரியாத எழுத்துவரிசை) என்றால் பயப்படாதே: எக்ஸாம்ப்பில் இருக்கும் டேட்டாபேஸ் மென்பொருள் மரியாடிபி, அதன் உறவான மைஎஸ்க்யூஎல் 8இன் எழுத்துவரிசைப் பெயர் சிலது அதற்குத் தெரியாது. அந்தப் பெயரை மட்டும் நீ எக்ஸ்போர்ட் செய்த எஸ்க்யூஎல் கோப்பில் யுடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ (utf8mb4_unicode_ci) என்று மாற்றினால் ஏறிவிடும்.

அன்புடன்,
செல்வம்