வானில் வருகிறவர்களையும் கணக்கில் எடுங்கள்

திருகோணமலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அமரும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

வணக்கம். நான் உவர்மலையில் இருந்து ஹயர் வான் ஓட்டுகிறவன். இந்த மடலை யாருக்கு எழுதுவது என்று யோசித்தபோதே பாதிச் சிக்கல் விளங்கிவிட்டது. புறாமலைத் தீவு என்றால் வனஜீவராசிகள் திணைக்களம். கன்னியா வெந்நீரூற்று என்றால் தொல்பொருள் திணைக்களம். மார்பிள் கடற்கரை விமானப்படையிடம். பிரெட்ரிக் கோட்டையில் இராணுவம் இருக்கிறது, அதற்குள்ளால் போனால்தான் கோணேசர் கோயில். உப்புவெளி ஒரு சபைக்குள், நிலாவெளி இன்னொரு சபைக்குள். மணலில் நிரந்தரமாக ஒரு கட்டடம் எழுப்புவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். மாகாணத்துக்குத் தனியாக ஒரு சுற்றுலாப் பணியகமும் உண்டு. காலையில் என் வானில் ஏறும் குடும்பம் பொழுதுபடுவதற்குள் இத்தனை பேருடைய எல்லைகளையும் தாண்டிவிடுகிறது. ஆனால் அந்தக் குடும்பத்தின் முழு நாளையும் பார்க்கிற அதிகாரி ஒருவரும் இல்லை. இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரக்கூடிய இடம் உங்கள் கூட்டம்தான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். திருகோணமலைக்கு வரும் பயணி என்று நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஆளைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். விளம்பரங்களில் ஒரு வெள்ளைக்காரர் சாய்கதிரையில் படுத்திருப்பார், பக்கத்தில் இளநீர். அவரும் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் என் வானில் வருகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக விடியப்புறம் வந்து இறங்கும் குடும்பங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் இருந்து முதல் தடவையாகக் கடல் பார்க்க வரும் தோட்டத்துப் பிள்ளைகள். கோணேசரைக் கும்பிட்டுவிட்டு சேருவில விகாரைக்குப் போகும் சிங்களக் குடும்பங்கள். ஒரு வானில் பாட்டி, தாத்தா, கைக்குழந்தை, பெரியம்மாவின் மகள், அவளுடைய சிநேகிதி என்று எல்லோரும் இருப்பார்கள். பெரும்பாலும் அறை எடுக்க மாட்டார்கள். வானே அவர்களுக்கு அறை.

இவர்களுக்கு முதலில் வேண்டியது கடலைப் பற்றிய தகவல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்முடைய கடலுக்கு இரண்டு முகம். கச்சான் வீசும் மாதங்களில் காற்று தரையில் இருந்து கடலுக்கு அடிக்கும், கரையோரம் தண்ணீர் படுத்துக் கிடக்கும். மே தொடங்கி செப்டெம்பர் வரை நிலாவெளியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கால்விரலைப் பார்க்கலாம். வெளிநாட்டுக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களுடைய வழிகாட்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது, அந்த மாதம் பார்த்துத்தான் வருகிறார்கள். நம்முடைய ஆட்கள் அப்படி வருவதில்லை. டிசம்பரில் பாடசாலை விடுமுறை விட்டதும் வருகிறார்கள், திருவெம்பாவைக்கு வருகிறார்கள். அப்போது வாடைக்காற்று நேரே கரைக்கு அடிக்கிற காலம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அலை எழும்பி மணலையே வெட்டி எடுத்துக்கொண்டு போகும். நேற்று முழங்கால் அளவாக இருந்த இடம் இன்று ஆளை மூடும்.

அந்த நேரத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அலை இல்லை, இழுவை. கரைக்கு வந்த தண்ணீர் முழுவதும் எங்கேயாவது ஓரிடத்தால் திரும்பிப் போயாக வேண்டும். மணல் திட்டில் ஒரு வாய் கிடைத்தால் அதற்குள்ளால் ஆறுபோல ஓடும். பார்ப்பவருக்கு அந்த இடம்தான் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். நீச்சல் தெரியாத பிள்ளை அதைப் பார்த்துத்தான் “இதிலே அலை இல்லையம்மா” என்று இறங்கும். அகப்பட்டவர் கரையைப் பார்த்து நீந்தினால் களைத்துப்போவார். கரைக்குச் சமாந்தரமாக, இடமோ வலமோ கொஞ்சத் தூரம் விலகினால் இழுவை விட்டுவிடும். கரைவலை இழுக்கிற எந்த மனிதரைக் கேட்டாலும் இதைச் சொல்வார், அன்றைக்கு எந்த இடத்தில் இழுவை என்று கையை நீட்டியும் காட்டுவார். அவரிடம் கேட்பதற்கு வானில் வந்தவருக்குத் தெரியாதே.

சரி, கச்சான் காலம் என்றால் ஆபத்தே இல்லையா என்றால், அதுவும் இல்லை. காற்று நிரப்பிய ரப்பர் வளையங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன, வாங்கவும் கிடைக்கின்றன. காற்று கடலை நோக்கி அடிக்கும் நாளில் அந்த வளையத்துக்குள் ஒரு பிள்ளையை இருத்திவிட்டு அப்பா படம் எடுக்கிறார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பதால் யாருக்கும் பயம் வருவதில்லை. வளையம் சத்தமில்லாமல் விலகிக்கொண்டே இருக்கும். அப்பா நிமிர்ந்து பார்க்கும்போது அவருக்குக் கால் எட்டாத இடத்துக்குப் போயிருக்கும். இப்படிப் போன ஒரு பிள்ளையைப் படகுக்காரத் தம்பி ஒருவர் ஓடிப்போய்ப் பிடித்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை சிரித்துக்கொண்டே வந்தது. தாய்க்குத்தான் மணலை விட்டு எழும்ப முடியவில்லை.

2004 டிசம்பர் 26ஐக் கண்டவர்களுக்குக் கடலிடம் ஒரு பயம் உண்டு. இப்போது அலைக்குள் ஓடுகிற பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களைப் பயப்படுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. கடற்கரைக்கு இறங்கும் ஒவ்வொரு ஒழுங்கை வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் இருக்கட்டும், ஆங்கிலம் கீழே வரட்டும். நிரந்தரமாகப் பெயின்ட் அடித்த “கவனம்” பலகையை ஒருவரும் வாசிப்பதில்லை. இன்றைக்கு இறங்கலாமா, எந்தப் பக்கம் கூடாது என்று காலையில் ஒருவர் வந்து மாற்றி வைக்கிற பலகையாக அது இருக்க வேண்டும். அந்த ஒருவர் கரைவலைச் சங்கத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும், அதற்கு அவருக்கு ஒரு கொடுப்பனவும் இருக்கட்டும். உயிர்காப்பாளர்களைச் சீசனுக்கு மட்டும் என்று கணக்குப் போடாதீர்கள். நம்முடைய ஆட்களின் சீசன் டிசம்பர்.

அடுத்தது சொல்லக் கூச்சமான விஷயம், ஆனாலும் சொல்ல வேண்டும். குளித்துவிட்டு வரும் பெண்பிள்ளைகள் எங்கே உடை மாற்றுவது? வானின் பக்கக் கதவைத் திறந்து, பின்கதவையும் தூக்கி, இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டில் விரிப்பைப் பிடிப்பார்கள். ஒரு முனை பெரியம்மா கையில், மற்ற முனை அண்ணன் கையில். அண்ணன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். காற்றடித்தால் விரிப்பு பறக்கும், உள்ளே இருந்து கத்தல் வரும். நான் வானை விட்டு விலகிப்போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவேன். மலசலகூடத்துக்கென்று ஹோட்டல் ஒன்றின் வாசலில் கெஞ்சி நிற்பது இதைவிடக் கேவலம். அறை எடுக்காதவரை உள்ளே விட வேண்டிய கட்டாயம் ஹோட்டலுக்கு இல்லைதான். காசு கட்டிப் போகக்கூடிய, தண்ணீர் வரும், பூட்டு வேலை செய்யும் பொதுக் குளியலறைகள் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் தேவைக்கு இருந்தால் ஒருவரும் சும்மா போக மாட்டார்கள். கட்டுவதற்குக் காசு வரும், பராமரிப்புக்கு வராது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் கட்டணம் என்கிறேன். அந்தப் பகுதிப் பெண்கள் சங்கம் ஒன்றிடம் கொடுத்துப் பாருங்கள்.

“இவர்கள் சோற்றுப் பார்சலும் கொண்டு வந்து, குப்பையும் போட்டுவிட்டுப் போகிறவர்கள், ஊருக்கு என்ன வருமானம்?” என்று கேட்பவர்கள் உண்டு. குப்பை போடுகிறார்கள், உண்மை. லஞ்ச் சீற்றும் சொப்பின் பையும் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான் வரைக்கும் போகின்றன. மான் அந்தப் பொலித்தீனைச் சோற்று வாசனைக்காகத் தின்கிறது, வயிற்றில் அடைபட்டுச் சாகிறது. இதற்கு மன்னிப்பு இல்லை, என் வானில் ஒரு சாக்குக் கட்டி வைத்திருக்கிறேன். ஆனால் வருமானம் இல்லை என்பது பொய். கோயில் ஏற்றத்தில் வரிசையாக இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைகளிலும் அர்ச்சனைத் தட்டுக் கடைகளிலும் யார் வாங்குகிறார்கள்? கருவாடு கட்டிக்கொண்டு போவது யார்? என் வானின் டீசல் யாருடைய காசு? சாய்கதிரைக்காரர் வருடத்தில் சில மாதம் வருகிறார். இவர்கள் சிவராத்திரிக்கும் பங்குனித் திருவிழாவுக்கும் ஆடி அமாவாசைக்கும் டிசம்பருக்கும் என்று வருடம் முழுக்க வருகிறார்கள். நாடு கெட்டுப்போய் விமானம் வராத காலத்திலும் கொஞ்சமாவது வந்தவர்கள் இவர்கள்தான்.

கோட்டையைப் பற்றி ஒரு சின்ன விஷயம். வாசல் சுவரில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று பதிந்திருக்கிறது, பக்கத்தில் மீன் சின்னம். போர்த்துக்கேயப் பறங்கியர் 17ஆம் நூற்றாண்டில் பழைய கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டியபோது சுவருக்குள் வந்து சேர்ந்தது என்பார்கள். பழைய மன்னன் குளக்கோட்டன் பெயரோடு சொல்லப்படும் பாட்டு அதில் உள்ளதுதான். வாகனத்தில் நுழைகிறவர்கள் அதைப் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள். நான் வேகத்தைக் குறைத்துக் கையைக் காட்டுவேன். பின்னால் நிற்கும் பஸ் ஹோர்ன் அடிக்கும். வாசலுக்கு முன்னால் இறங்கி நின்று பார்க்கக் கொஞ்சம் இடமும், அது என்ன என்று நாலு வரியும் போதும்.

புறாமலை விஷயம் வேறு மாதிரி. அங்கே ஆட்கள் குறைவதுதான் நல்லது. 1963இல் சரணாலயமாக்கி, 2003இல் தேசியப் பூங்காவாக்கிய இடம் அது. (அதே 1963இல்தான் கோணேசரின் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கும் நடந்தது. நல்ல வருடமாக்கும்.) கரையில் இருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான், படகு ஓடிப் போய்விடும். போகிறவர்களுக்கு முருகைக்கல், அதாவது பவளப்பாறை, உயிருள்ளது என்று சொல்ல ஆள் வேண்டும். நீச்சல் தெரியாதவர் அங்கி மாட்டிக்கொண்டு மிதப்பார், பயம் வந்ததும் காலை ஊன்றுவார். ஊன்றுகிற இடம் முருகை. உருண்டைப் பாறைபோல் இருக்கும் முருகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிய காரியம். செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்களைப் பார்க்கப் போகிறோம் என்று குதிக்கிறவர்கள், அந்தச் சுறா அங்கே ஏன் வருகிறது என்று கேட்பதில்லை. படகு ஏறுமுன் கரையிலேயே பத்து நிமிடம் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கம் கொடுங்கள். நீந்தத் தெரியாதவருக்கு மணற்பகுதியில் கயிறு கட்டி ஒதுக்குங்கள். நுழைவுச்சீட்டு, படகுக் கூலி, முகமூடி வாடகை எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று ஒரே பலகையில் போட்டால் நிலாவெளிக் கரையில் நடக்கும் சண்டைகளில் பாதி குறையும். அந்தச் சண்டைகளில் நடுவில் அகப்படுகிறவன் சாரதிதான்.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு விதமான சூடு, பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். அதே இடத்துக்குத்தான் செத்த வீட்டுக்காரர் 31ஆம் நாள் கடமைக்கும் வருகிறார்கள். ஒரு பக்கம் அம்மாவை நினைத்து அழுகிறவர், மறுபக்கம் வாளியோடு செல்ஃபி. அங்கே யாருடைய உரிமை என்ன என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. காலையில் சில மணி நேரத்தைக் கடமைக்கு வருகிறவர்களுக்கு ஒதுக்கிவிட்டால் இரு பகுதிக்கும் நிம்மதி.

மார்பிள் கடற்கரையில் குறை சொல்ல அதிகமில்லை. காசு எடுக்கிறார்கள், சுத்தமாக வைத்திருக்கிறார்கள், குடாவுக்குள் இருப்பதால் தண்ணீரும் மற்ற இடங்களைவிட அமைதி. காசு கட்டினாலும் நம்முடைய ஆட்கள் போவார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அங்கிருந்து கிண்ணியாப் பாலத்துக்குப் போகாமல் ஒருவரும் வீடு திரும்புவதில்லை. 2009இல் பாலம் திறக்கும் வரை பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்த இடத்தில் இப்போது படம் எடுக்கிறார்கள். வாகனங்களை நிறுத்த ஒழுங்கான தரிப்பிடம் இல்லாததால் பிள்ளைகள் வீதியைக் குறுக்கறுத்து ஓடுகிறார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ஹோட்டல் கட்டக் காணி கொடுக்கும்போது கரைவலை இழுக்கும் இடங்களான பாடுகளை விட்டுவைக்க வேண்டும் என்பது மீனவச் சங்கங்களே சொல்லிவரும் விஷயம். நான் அதில் கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பலகையை மாற்றி வைக்கப் போகிறவர் அந்தப் பாட்டில் நிற்கிறவர்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது. பலகையும் உயிர்காப்பாளரும் வருகிற டிசம்பர் விடுமுறைக்கு முன் நடக்க வேண்டும். அதற்குக் கட்டடம் தேவையில்லை, பெரிய காசும் தேவையில்லை. நவம்பருக்குள் உங்கள் கூட்டத்தில் எடுத்தால் நேரம் இருக்கிறது. எந்த எந்த ஒழுங்கையில் வான்கள் நிற்கின்றன, எந்த நேரத்தில் ஆட்கள் இறங்குகிறார்கள் என்ற விவரம் வேண்டுமென்றால் ஹயர் தரிப்பிடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வோம். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவோம், ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. அன்றைக்கு ஓட்டம் இருக்கும்.

இப்படிக்கு,
உவர்மலையில் இருந்து ஒரு வான் சாரதி