மரபுரிமைப் பூங்கா மகஜரும் மன்றத்தின் ஓராண்டும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, சிரமம் பாராது இன்று வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே,

நிர்வாகக் குழுக் கூட்டங்கள் யாப்பின்படி கூட்டப்பட்டன. பொங்கல் விழா, சிரமதானம், மாணவர் கட்டுரைப் போட்டி ஆகியன வழமைபோல் நடந்தேறின.

எமது மாவட்டத்தின் இயற்கையையும் தொல்லிடங்களையும் ஒருங்கே காக்க ஒரு மரபுரிமைத் தேசியப் பூங்கா வேண்டும் என்று கேட்கும் மகஜரிலேயே ஆண்டின் பெரும்பகுதி கழிந்தது. இது செயலாளரின் சொந்த விருப்பம் என்று, கூட்டங்களுக்கு வராத சிலர் வெளியில் பேசிவருவதாக அறிகிறேன். சென்ற பொதுக்கூட்டத்தின் அறிக்கைப் புத்தகத்தைப் புரட்டினால், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதும் அதை வழிமொழிந்தவர் யார் என்பதும் தெரியவரும்.

எமது கோரிக்கையின் நியாயத்தைச் சற்று விரிவாகவே பதிவுசெய்ய விரும்புகிறேன். நிலாவெளிக் கடலிலுள்ள புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. நிலாவெளியிலிருந்து படகேறிச் செல்பவர் முருகைக் கற்களையும் சுறாக்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். நிலாவெளி வழியாகச் செல்லும் வீதியில் மேலும் வடக்கே சென்றால் குச்சவெளியில் கடலோரப் பாறையில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டும், திரியாய்க் குன்றின்மேல் கற்தூண்கள் சூழ்ந்த பழம்பெரும் பௌத்தத் தாதுகோபமும் உள்ளன என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும். பெரியகுளத்தில், சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என வழங்கிய பௌத்தப் பள்ளிக்கு விளக்குகளும் பசுக்களும் தானமளித்ததைத் தமிழில் பொறித்துவைத்த கற்களைக் காண்பவர், இம்மாவட்டத்தின் வரலாற்றை ஒற்றை வரியில் எழுத முடியாது என்பதை உணர்வார். பிரட்றிக் கோட்டையின் வாசற் கல்லில் கோணேசர் கோயில் திருப்பணியோடு மரபு இணைத்துப் பேசும் மன்னன் குளக்கோட்டனின் பெயர் சொல்லும் தமிழ் வரிகளும், பாண்டியரின் இணைக்கயல் சின்னமும் இருக்கின்றன. கோணேசர் கோயிலுக்குப் போகும் வாகனங்கள் அதை உரசிக்கொண்டுதான் நுழைகின்றன. ஆயினும் பயணிகளின் கைபேசிகள் வெளியே வருவது, உள்ளே மான்களைக் கண்ட பிறகுதான்.

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டையும் விலங்கையும் காக்கிறது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் கல்லைக் காக்கிறது. கல்லைச் சுற்றியுள்ள குளமும் வயலும் நேர்த்திக்கடனும், அவ்விடத்தின் கதையைத் தலைமுறையாகச் சொல்லிவரும் ஊர்ச்சனமும் இவ்விரண்டுக்கும் நடுவே விடுபட்டுப்போகின்றன. நியூசிலாந்தில் 1887 இல் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர் ஒருவர் தம் குலத்தின் புனித மலைச் சிகரங்களை அரசிடம் ஒப்படைத்ததிலிருந்து உருவான டொங்காரிரோ பூங்கா, 1993 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் பண்பாட்டு நிலத்தோற்றமாக (மனிதரின் பண்பாடும் இயற்கையும் பிணைந்த நிலமாக) இடம்பெற்ற முதல் தலமாயிற்று. அவுஸ்திரேலியாவில், உளுரு என்னும் புனிதப் பாறை அமைந்த நிலத்தின் உரிமை 1985 இல் அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் மீண்டது. அவர்கள் அந்நிலத்தைப் பூங்காவுக்கெனக் குத்தகைக்குக் கொடுத்தனர். பாறைமேல் ஏறுவது 2019 இல் நிறுத்தப்பட்டது. மாறாக, எமது நாட்டிலேயே 1983 இல் மாதுரு ஓயா தேசியப் பூங்காவானபோது அங்குள்ள பழங்குடிகளான வேடர்கள் தம் வேட்டைக் காட்டை இழந்தனர். ஆகவே, பூங்கா என்ற பெயர் கிடைத்தாற் போதும் என்று நாம் கேட்கவில்லை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் பிதிர்க்கடன் செய்ய வருபவர் சுற்றுலாப் பயணி அல்லர். அவரிடம் நுழைவுச்சீட்டுக் கேட்கும் பூங்கா எமக்கு வேண்டாம் என்பதும், வழிபடுவோரும் கடற்றொழிலாளரும் முகாமைத்துவக் குழுவில் இடம்பெற வேண்டும் என்பதுமே மகஜரின் உயிர்நாடி. மும்மொழி விளக்கப் பலகைகளும், ஊர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் அதன் பின்னரே வருகின்றன.

மகஜரைத் தயாரிக்க ஓர் உபகுழு தெரிவுசெய்யப்பட்டிருந்தது. அதன் உறுப்பினர்களின் வேலைப்பளுவை நான் அறிவேன். எனினும், திரியாய்க் களப்பயணத்துக்கு வான் பேசி முன்பணமும் கட்டிய பின்னர், புறப்படும் காலையில் ஒருவர் பின் ஒருவராக வட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டதை முன்கூட்டியே செய்திருக்கலாம். வரைவைப் படித்துக் கருத்துக் கூறுமாறு விடுத்த வேண்டுகோளுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கைகூப்பும் படங்களே. வரைவை எடுத்துச் சென்ற ஓர் அலுவலகம், அது மற்றோர் அலுவலகத்துக்குரியது என்றது; அந்த மற்றோர் அலுவலகம் மீண்டும் முதலாவதைக் கைகாட்டியது. மன்றத்தின் சார்பில் எவ்வளவு பேர் கையொப்பமிட்டிருக்கிறார்கள் என்று இரண்டு இடத்திலும் கேட்டார்கள் என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழ ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. சந்தா நிலுவைகள் வந்திருந்தால் இந்நிலை நேர்ந்திராது. நிலுவைக்காரர்களின் பெயர்களை வாசிக்கும் வழக்கம் எம் மன்றத்தில் இல்லை. இவ்வாண்டும் அவ்வழக்கம் காக்கப்படுகிறது.

ஆலோசனை வழங்கிய போஷகர்களுக்கும், மண்டபம் தந்துதவிய பாடசாலைச் சமூகத்துக்கும், தட்டச்சுச் செய்துதந்த அன்பருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை ஏற்க ஆர்வமுடையோர் முன்வந்தால் கோப்புகளை ஒழுங்காகக் கையளிக்க ஆயத்தமாக உள்ளேன். எவரும் முன்வராவிடின், மன்றத்தின் முடிவுக்குக் கட்டுப்படுவேன். மகஜரின் கையொப்பத் தாள்கள் கூட்டம் முடிந்ததும் வாசலருகே உள்ள மேசையில் வைக்கப்பட்டிருக்கும்; பொருளாளரும் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் அதே மேசையில்தான் இருப்பார்.

செயலாளர்
திருகோணமலை