கோழிக்கூண்டில் சிவப்பு விளக்கு வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கேள்விப் பகுதியில், கனடாவில், எட்மன்டனில் புதிதாகக் கோழி வாங்கியிருக்கும் ஒருவர் குளிர்காலத்துக்கு என்ன ஏற்பாடு செய்வது என்று கேட்டிருந்தார். கூண்டில் ஓர் இடுக்குகூட விடாமல் அடைத்து, சூட்டுக்காக உள்ளே 250 வாட் சிவப்பு விளக்கைத் தொங்கவிடுங்கள் என்று பதில் வந்திருந்தது. நான் இரண்டையும் செய்து பார்த்துப் பட்டவள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நாமக்கல் பக்கத்து ஆள். அப்பா முட்டைக்கோழிப் பண்ணையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் கோழிக்கு எதிரி வெயில்தான். சித்திரையில் கொட்டகைக் கூரைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அப்படியும் மத்தியானத்தில் அத்தனை கோழியும் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும். கால்கரி மாநகராட்சி 2022இல் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்க அனுமதித்தபோது, 'கோழியைப் பற்றி எனக்கா தெரியாது' என்ற நினைப்பில்தான் உரிமம் வாங்கினேன். இரண்டு முதல் நான்கு பெட்டைகள் வைத்துக்கொள்ளலாம், சேவல் கூடாது. நான்கு வாங்கினேன். வரி வரியாக இறகுள்ள பிளைமவுத் ராக் இனத்தில் இரண்டு, ஷான்டெக்ளேர் இனத்தில் ஒன்று. நாலாவது, எங்கள் ஊர்ப் பண்ணை ஞாபகத்தில் ஆசைப்பட்டு வாங்கிய வெள்ளை லெகார்ன். அதற்கு வெள்ளச்சி என்று பேர். நீளமான கொண்டை ஒரு பக்கம் மடிந்து தொங்கும். அதுதான் அவளுக்கு அழகு.

முதல் குளிருக்கு நான் செய்தது உங்கள் பதிலில் இருந்ததைத்தான். இடுக்கெல்லாம் ஸ்பாஞ்ச் வைத்து அடைத்தேன், சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் அடித்தேன். மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் கண் எரிகிறது. எச்சத்திலிருந்து கிளம்பிய அமோனியா. உள்சுவர் முழுக்க உப்பு பூத்த மாதிரி பனி. கோழிகள் ராத்திரி முழுக்க விட்ட மூச்சு வெளியே போக வழியில்லாமல் சுவரிலும் கொண்டையிலும் படிந்து உறைந்திருக்கிறது. வெள்ளச்சியின் கொண்டை நுனிகள் வெளுத்திருந்தன. நாலைந்து நாளில் கறுத்து, அப்புறம் காய்ந்து உதிர்ந்தன. இன்றும் அந்தக் கொண்டை மொண்ணையாகத்தான் இருக்கிறது.

கோழியின் உடல் சூடு நம்மைவிட அதிகம், 41 டிகிரி. இறகைச் சிலிர்த்து உட்கார்ந்தால், உள்ளே சிக்கிய காற்றே அதற்குக் கம்பளி. வறண்ட குளிரைத் தாங்கிவிடும். ஈரத்தோடு சேர்ந்த குளிரைத்தான் தாங்காது. அன்றைக்கு எனக்கு இது தெரியாது. சூடு போதவில்லை என்று நினைத்து விளக்கு வாங்கி மாட்டினேன். பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு ராத்திரி குப்பை போட வெளியே போனவளுக்குத் தீய்ந்த வாடை வந்தது. கோழி பறந்து ஏறியதில் கிளிப் நழுவி, விளக்கு தரையில் பரப்பியிருந்த மரச்சீவல்மேல் விழுந்து கிடந்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சீவல் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. கால்மணி நேரம் கழித்துப் போயிருந்தால் கூண்டோடு போயிருக்கும். கூண்டை ஒட்டித்தான் பக்கத்து வீட்டு மரவேலி.

அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டேன். பனியைப் படத்தில் மட்டும் பார்த்த மனுஷன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, கூண்டுக்குள்ள கைய உட்டா ஈரமா இருக்குதா? இருந்தா மேல ஓட்டையப் போட்டு உடு" என்றார். அவ்வளவுதான். அவர் வேலை பார்த்த கொட்டகைகளுக்குச் சுவரே கிடையாது, கம்பி வலைதான்.

மறுநாள் பிளாஸ்டிக்கைப் பிய்த்துப் போட்டேன். கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் கையகலத்துக்குத் திறப்பு விட்டு, மரநாய் நுழையாதபடி கெட்டிக் கம்பி வலை அடித்தேன். காற்று வெளியே போக வேண்டும், ஆனால் உட்கார்ந்திருக்கும் கோழிமேல் வீசக் கூடாது. இதை எப்படிப் பார்ப்பது? சீவலை எல்லாம் அள்ளி வெளியே போட்டுவிட்டு, கோழி உட்காரும் உயரத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை அலையாமல் நேரே மேலே ஏறித் திறப்பு வழியாக வெளியேறியது. பிறகுதான் புதுச் சீவலை முக்கால் அடி உயரத்துக்குப் பரப்பினேன். உட்காரும் கட்டையையும் மாற்றினேன். உருட்டுக் கழியில் உட்கார்ந்தால் விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு அங்குல அகலப் பலகை என்றால் வயிற்று இறகு விரலையும் சேர்த்து மூடிவிடும். அடையும் முன் சாயங்காலம் ஒரு கை மக்காச்சோளம். அது செரிக்கச் செரிக்க ராத்திரி முழுக்க உள்ளே அடுப்பு எரிகிற மாதிரி.

மின்சாரம் தண்ணீருக்கு மட்டும்தான். நாய்களுக்கு வைக்கும் சூடாகும் கிண்ணம் ஒன்று வாங்கினேன். 2024 ஜனவரி 13ஆம் தேதி ஞாபகம் இருக்கும். மைனஸ் 30க்கும் கீழே போய், மின்சாரம் பற்றாமல், எங்கள் ஆல்பர்ட்டா மாகாணம் முழுக்க எல்லார் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறிய சனிக்கிழமை. தேவையில்லாததை அணையுங்கள் என்றது அரசு. கிண்ணத்தையும் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். நாலும் பந்து மாதிரி உப்பி ஒட்டி உட்கார்ந்திருந்தன. வெளிச்சம் பட்டதற்குக் கோபம் வேறு. விளக்குச் சூட்டிலேயே பழகிய கோழிகளாக இருந்து, அன்று மின்சாரமும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சொல்லப்போனால் கால்கரியில் கடுங்குளிரைவிட எனக்குப் பயம், குளிர்காலத்தில் திடீரென்று அடிக்கும் சினூக் என்ற சூடான காற்றுதான். சில மணி நேரத்தில் இருபது டிகிரி ஏறிவிடும். கூரைப் பனி உருகிச் சொட்டும், சீவல் நனையும். காற்று நின்று மறுபடி உறைகிற ராத்திரிதான் கொண்டைக்குக் கண்டம். சினூக் அடித்த மறுநாள் ஈரச் சீவலை அள்ளிப் போடுவது என் வீட்டுச் சட்டம்.

இன்னொன்று. அந்த வாசகர் ஏற்கெனவே கோழி வாங்கிவிட்டார். இனிமேல்தான் வாங்கப் போகிறவர்கள் என்னைப் போல லெகார்னுக்கு ஆசைப்பட வேண்டாம், ஷான்டெக்ளேர் தேடுங்கள். கியூபெக்கில் ஓகா மடத்துத் துறவி ஒருவர் 1908இல் ஆரம்பித்து, கனடாக் குளிருக்கென்றே உருவாக்கிய இனம். கொண்டை பட்டன் அளவுதான், தாடியும் இல்லாத மாதிரி. உறைவதற்கு அங்கே ஒன்றுமே கிடையாது. எங்கள் வீட்டில் அவளுக்கு மொட்டைச்சி என்று பேர்.

டிசம்பரில் முட்டை நின்றுபோனால் குளிர் என்று நினைத்துப் பதற வேண்டாம். இங்கே அப்போது பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. நாமக்கல்லில் பகல் குறைந்தால் பல்பு போட்டு ஈடுகட்டுவார்கள். நான் போடுவதில்லை, இரண்டு மாதம் கடையில் முட்டை வாங்குகிறேன். வெள்ளச்சி மட்டும் அவ்வப்போது ஒன்று போடுவாள். சீக்கிரம் எடுக்காவிட்டால் உறைந்து ஓடு வெடித்துவிடும், அதுதான் தொல்லை.

அடுத்த இதழில் அந்த விளக்கு யோசனையைத் திருத்திப் போடுங்கள். நேற்றுத் தீவனம் வாங்கப் போனேன். கடை வாசலிலேயே சிவப்பு பல்பை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கால்கரி